போன் பார்க்கும் சுவர்

“என் பேரு குடை. வயசு இருபத்தாறு. இப்போ என் ரூம்லதான் இருக்கேன். அக்கா, அப்பா, ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்குங்க. இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் பண்ணினா மொதல்ல இந்த மூணத்தான் கேக்கறாங்க. பேரு, வயசு, எங்க இருக்கீங்க. இன்னிக்கு வர்ற சர்வேயரும் அப்படித்தான் ஆரம்பிப்பாங்க. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க. அப்பா, தயவுசெஞ்சு பெயின்டப் பத்தி நீங்களா எடுத்துப் பேசாதீங்க. அக்கா, நீ சண்டைக்குப் போகாத.”

அவன் பேசப் பேச, போன் எழுதிக்கொண்டே வந்தது. முடித்ததும் ஒரு முறை படித்துப் பார்த்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினான்.

சொன்ன மூன்றில் முதலாவது பாதி உண்மை. குடை என்பது வீட்டில் வைத்த பெயர். வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் குடையோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு வேறு என்ன பெயர் கிடைக்கும்? இரண்டாவது முழு உண்மை. மூன்றாவதைப் பற்றி அப்புறம் பார்ப்போம். இப்போது தலைக்கு மேல் வேறு வெள்ளம் போய்க்கொண்டிருக்கிறது.

உடனே அக்காவின் பதில் வந்தது.

“நான் எப்படா சண்டைக்குப் போயிருக்கேன்? சண்டைதான் என்னைத் தேடி வரும்.”

அப்பாவிடமிருந்து பதில் இல்லை. வாயே திறக்காமல் இருந்தால் அது அப்பா யோசிக்கிறார் என்று அர்த்தம். அப்பா யோசித்தால் என்ன ஆகும் என்பதைத்தான் போன வாரம் பார்த்தோமே.

ஆறு கரையேறி ஊருக்குள் வந்த அன்று, கடல் தாண்டி இருந்த குடைக்குச் சோறு இறங்கவில்லை. தண்ணீர் வடிந்த பிறகுதான் அப்பாவுக்கு லைன் கிடைத்தது. “வாசப்படிய நனைச்சுட்டுத் திரும்பிடுச்சுப்பா. மரியாதை தெரிஞ்ச தண்ணி” என்று அப்பா சிரித்தார். வீடியோவில் அவருக்குப் பின்னால் சுவர் பால் மாதிரி பளிச்சென்று இருந்தது. குடை நம்பினான். நம்பியதோடு நின்றானா? பாலிசி எடுத்தவன் நாம், சொல்ல வேண்டியது கடமை என்று இன்சூரன்ஸ் ஆபீசைக் கூப்பிட்டு, “வாசல் வரைக்கும்தான் வந்துச்சு, உள்ள ஒன்னும் ஆகல” என்று ஒப்பித்தான். அவர்கள் அதைப் பதிவு செய்துகொண்டார்கள்.

அக்கா பேருந்து ஓட்டுநர். வெள்ள நாட்களில் மீட்பு வேலைக்குப் பேருந்தை ஓட்டிவிட்டு டிப்போவிலேயே படுத்துக்கொண்டாள். அவள் வீடு திரும்பியபோது முன்னறை, உள்ளறை, அடுக்களை எல்லாம் கல்யாண வீடு மாதிரி வெள்ளையடித்து நின்றன. ஊறிப்போன சாமான்களை அப்பா நகராட்சி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். அவள் அப்பாவிடமிருந்து உண்மையைக் கறந்து, அன்றே தம்பியைக் கூப்பிட்டு உடைத்துவிட்டாள்.

“வாசப்படியா? இடுப்பு வரைக்கும்டா! இடுப்பு வரைக்கும் தண்ணி நின்னுச்சு. உங்கப்பா முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சது பத்தாதுன்னு, மேல பெயின்டும் அடிச்சு வெச்சிருக்காரு.”

குடை பதறிப்போய் மறுபடி ஆபீசைக் கூப்பிட்டு, முதலில் சொன்னது தப்பு என்றான்.  “சர்வேயர் வந்து பாப்பாங்க சார்” என்றார்கள். 

அந்தச் சர்வேயர் வரும் நாள்தான் இன்று.

*

குடை வேலை பார்ப்பது ஒரு பெரிய ஹோட்டலின் அடித்தளத்தில், சலவைப் பிரிவில். ஒவ்வொரு மெஷினும் ஒரு குளியலறை அகலம். படுக்கை விரிப்புகள் உள்ளே அழுக்காகப் போய் வெளியே அப்பளம் மாதிரி மடிந்து வரும். அவன் மடிப்பு மேஜைக்காரன்.

“அண்ணே, ஒரு அரை மணி நேரம் என் மேஜையையும் சேத்துப் பாத்துக்கறீங்களா?” என்று இஸ்திரி அண்ணனிடம் கேட்டான். அவர் பக்கத்து மேஜையில் தேய்ப்பவர்.

“என்னடா, இன்னிக்குத்தான் வீட்டுக்கு ஆள் வர்றாங்களா?”

“ஆமாண்ணே. கிளெய்மத் தள்ளிட்டாங்கன்னா எல்லாம் போச்சு. தரை பேந்துக்கிட்டு வருது, வயரிங் பூரா ஊறிப்போயிருக்கு. ஸ்விட்சத் தொடவே அக்கா பயப்படறா. இருக்கறது அந்த ஒரு வீடு. பொய்யா கிளெய்ம் பண்ணிட்டான்னு என் பேர்ல எழுதிட்டா, இனிமே எவனும் எங்களுக்குப் பாலிசி தரமாட்டான்.”

“போ போ. மொகத்தத் தொடச்சுக்கிட்டுப் போ. உன்னப் பாத்தா நீதான் வெள்ளத்துல மாட்டினவன் மாதிரி இருக்க.”

குடை நடையைத் தாண்டிப் போய், எப்போதும் போல அந்த நீலச் சுவருக்கு முன்னால் நின்று வீடியோவைப் போட்டான்.

அக்கா போனை அப்பாவின் ஏணிப்படியில் சாய்த்து வைத்திருந்தாள். முன்னறை முழுக்கத் தெரிந்தது. நாற்காலி இல்லை, மேஜை இல்லை. வெறும் வெள்ளை. அப்பா முன்னால் வந்து குனிந்து பார்த்தார்.

“சாப்பிட்டியா?”

“ஆச்சுப்பா. நீங்க?”

“ஆச்சு. பின்னால அந்த நீலத்தப் பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்குடா. யாரு அடிச்சாங்களோ, ரோலர் கோடே தெரியல. நல்ல கை. இப்படி ஒரு ரூமுக்கு என்ன வாடக வேணாலும் கொடுக்கலாம்.”

“அப்பா, அத விடுங்க. அவங்க எப்ப வர்றாங்க?”

“வந்தாச்சு” என்றது ஒரு பெண் குரல்.

ரப்பர் பூட்ஸ், தோளில் பை, காதில் செருகிய பென்சில். சர்வேயரம்மா வாசலில் நின்று அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். பூட்ஸைத் துடைக்க இடம் தேடினார். தரையில் எங்கே துடைத்தாலும் பாவம் என்கிற அளவுக்கு வீடு சுத்தமாக இருந்தது.

“வணக்கம் மேடம்! நான்தான் பாலிசி எடுத்தவன். என் பேரு...”

“தெரியும்ப்பா. உங்க பேரு, வயசு, இருக்கற இடம் எல்லாம் என்கிட்ட இருக்கு. ரெண்டு தடவ இருக்கு. கதைதான் தடவைக்கு ஒன்னா இருக்கு.”



அக்கா இடுப்பில் கை வைத்தாள். சண்டை அவளைத் தேடி வந்துவிட்டது. “மேடம், நாங்க என்ன ஏமாத்தவா போறோம்? இந்தா, இது வரைக்கும் தண்ணி நின்னுச்சு” என்று சுவரில் இடுப்பளவில் கையால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

“சரிம்மா. தண்ணி வடிஞ்சா சுவத்துல கறைக்கோடு விட்டுட்டுப் போகும். நாங்க மொதல்ல பாக்கறது அதத்தான். எங்க?”

“இருந்துச்சு.”

“ஃபோட்டோ?”

“அப்பா போன் தண்ணியோட போச்சு. இது புதுசு.”

“நனைஞ்ச சாமான்?”

“லாரியோட போச்சு.”

“கோடு?”

“எங்கப்பா பிரஷ்ஷோட போச்சு.”

சர்வேயரம்மாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். அடக்கிக்கொண்டார். “ஸ்விட்ச் பெட்டியெல்லாம்கூடப் புதுசா இருக்கே?”

அதுவரை பேசாமல் இருந்த அப்பா நிமிர்ந்தார். “சுவரு புதுசா இருக்கும்போது ஸ்விட்சு பழசா இருந்தா நல்லாவா இருக்கும்?”

“அப்பா!” என்று கத்தினான் குடை.

“கேட்டாங்க, சொன்னேன். நீதானே கேட்டதுக்குப் பதில் சொல்லச் சொன்ன?”

சர்வேயரம்மா பையிலிருந்து ஒரு சின்னக் கருவியை எடுத்துச் சுவரில் அழுத்தினார். அது கீச்சென்று சத்தம் போட்டது. குடைக்கு உயிர் வந்தது. “ஈரம் காட்டுதா மேடம்?”

“காட்டுது. ஆனா புதுப் பெயின்டும் ஈரந்தான். மழைக்கு வெளியிலேர்ந்து ஊறின சுவரும் ஈரந்தான். ஈரம் இருக்குன்னு மட்டும்தான் இது சொல்லும். ஆறு உள்ள வந்து நின்னுச்சான்னு கோடுதான் சாட்சி சொல்லணும்.”

“பக்கத்து வீட்டுல கேளுங்களேன்” என்றாள் அக்கா.

“பாத்துட்டுத்தாம்மா வர்றேன். அங்க கோடு நல்லாத் தெரியுது. ஆனா அவங்க வீடு பள்ளம், உங்க வீடு மேடு. மேட்டு வீட்டுக்கு வாசப்படியோட நின்னிருக்கலாமேன்னு ஆபீசுல கேப்பாங்க. அதுவும் பாலிசிக்காரரே அப்படித்தான்னு சொல்லியிருக்காரு.”

பாலிசிக்காரர் நீலச் சுவருக்கு முன்னால் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு மன்றாடி எடுத்த பாலிசி அது! வீட்டுக்கு ஏற்கெனவே ஒரு காப்பீடு இருந்தது. தீ, திருட்டு, குழாய் வெடிப்பு எல்லாம் அதில் உண்டு. வெள்ளம் மட்டும் கிடையாது. குழாய் வெடித்துத் தண்ணீர் நின்றால் பணம் வரும், ஆறு வந்து நின்றால் வராது என்று குடை படித்துச் சொன்னபோது, “ரெண்டும் தண்ணிதானேடா?” என்று அக்கா கேட்டாள். “வீட்டுலயே பொறந்த தண்ணி வேற, வெளியிலேர்ந்து வந்த தண்ணி வேறக்கா” என்றான். “ஓ, மருமகப்பிள்ளை மாதிரின்னு சொல்லு” என்றாள் அவள்.

அப்பா அதற்கும் மேலே போனார். “ஆத்துக்கும் நமக்கும் நடுவுல ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. தண்ணி அங்க போய்ப் படிச்சு பாஸ் பண்ணிட்டுத்தான் நம்ம தெருவுக்கு வரணும்.” வெள்ளத்துக்குத் தனிப் பாலிசி வேண்டும், அது எடுத்த கையோடு அமலுக்கு வராது, காத்திருப்புக் காலம் உண்டு, மேகம் கறுத்த பிறகு ஓடினால் பிரயோஜனமில்லை என்று கெஞ்சிக் கூத்தாடி, கோடையிலேயே எடுத்து வைத்தான். குடைக்கு ஏற்ற வேலைதான். வாழ்க்கையில் முதல் முறையாக அவன் எடுத்துப்போன குடைக்கு மழை வந்தது. வந்த நேரம் பார்த்து, விரிக்க முடியாதபடி அப்பா அதற்குப் பெயின்ட் அடித்துவிட்டார்.

“மேடம், ஒரு நிமிஷம். நான் மொதல்ல சொன்னது, எங்கப்பா என்கிட்ட சொன்னது. அவர் ஏன் அப்படிச் சொன்னாருன்னா...”

“அத அவரே சொல்லட்டுமே.” சர்வேயரம்மா திரும்பினார். “பெரியவரே, தண்ணி உள்ள வந்துச்சா, வரலயா?”

அப்பா நடந்துபோய் வலப்பக்கச் சுவரில் முதுகை வைத்துச் சாய்ந்து நின்றார். கைகள் இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டார். உயரம் அளக்க நிறுத்தி வைத்த பிள்ளை மாதிரி இருந்தது.

குடை போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான்.

என்னவோ இடித்தது. அப்பா பெயின்டர். விடிந்தால் எழுந்தால் அடுத்தவர் சுவரில் நின்றே ஆயுசைக் கழித்தவர். புதுப் பெயின்டில் யாராவது சாய்ந்தால் அவருக்குக் கொலைவெறி வரும். குடை சின்ன வயதில் ஒரு முறை சாய்ந்துவிட்டு, சட்டையோடு சேர்த்துத் திட்டு வாங்கியிருக்கிறான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைக்கூட, “சுவத்த விட்டுக் கொஞ்சம் முன்னால வாங்க” என்று சொல்லித்தான் உபசரிப்பார்.

அந்த அப்பா சுவரில் சாய்ந்து நிற்கிறார்.

“அப்பா, ஏன் சாஞ்சுக்கிட்டு நிக்கறீங்க?”

“முட்டி வலி.”

“அப்ப உக்காருங்க.”

“நாற்காலி லாரில போச்சே.”

“தரைல உக்காருங்க.”

“ஈரமா இருக்கு.”

“ஈரமா இருக்குன்னு உங்க வாயாலேயே சொல்றீங்க பாருங்க” என்றாள் அக்கா. சர்வேயரம்மா இப்போது அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

“வேணாம்பா.”

“ஏன்?”

“அசிங்கமா இருக்கு.”

இப்படி ஒரு குரலை அப்பாவிடம் குடை கேட்டதே இல்லை. வேலை சரியில்லை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயப்படும் குரல். 

“அசிங்கமா இருந்தா பரவாயில்லப்பா. நம்ம வீடுதானே. தள்ளி நில்லுங்கப்பா.”

மெஷின் ஒன்று சுற்றி முடித்துக் கத்தியது. குடை நகரவில்லை. அங்கே அப்பா தலையைக் குனிந்துகொண்டு, ஒரு எட்டு எடுத்து நகர்ந்தார்.

அவர் முதுகு மறைத்திருந்த இடத்தில் சுவர் கொப்புளித்திருந்தது.

சின்னதும் பெரியதுமாக, சூடு பட்ட தோல் மாதிரி. அக்கா கிட்டே போனாள். போனையும் கையில் எடுத்துக்கொண்டு போனாள். இப்போது குடைக்கும் தெரிந்தது. இடுப்புக்குக் கீழே அங்கங்கே உப்பல். இடுப்புக்கு மேலே ஒரு பொட்டுக்கூட இல்லை. மேலே வழவழப்பு, கீழே கொப்புளம். நடுவில், நூல் பிடித்து அடித்த மாதிரி நேராக ஒரு எல்லை.

“இந்தச் சுவத்தயும் பாருங்க” என்று அக்கா கத்தினாள். “இங்கயும் வந்திருக்கு! அதே உயரம்! காலைல இல்லையே இது!”

“காலையிலயே வர ஆரம்பிச்சுடுச்சு” என்றார் அப்பா மெல்ல. “நான்தான் கையால அழுத்தி அழுத்தி விட்டுக்கிட்டு இருந்தேன்.”

சர்வேயரம்மா காதிலிருந்த பென்சிலை எடுத்து ஒரு கொப்புளத்தை லேசாகக் குத்தினார். உள்ளிருந்து ஒரு சொட்டுப் பழுப்புத் தண்ணீர் வழிந்தது.

“பெரியவரே, நீங்க தொழில்காரர்னு கேள்விப்பட்டேன். ஊறின சுவத்துல பெயின்ட் நிக்காதுன்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்னம்மா. நேத்து தொழிலுக்கு வந்த பையனக் கேட்டாலும் சொல்லுவான்.”

“பின்ன?”

“ஒரு வாரம் தாங்கும்னு நெனச்சேன்.” அப்பா போனைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். “போன்ல பாக்கறதுக்கு ஒரு வாரம் போதும்ல? மொதல்ல அவனுக்குத் தெரியற அந்த ஒரு பக்கம் மட்டுந்தான் அடிச்சேன். அவன் விடுவானா? போனத் திருப்புங்கப்பா, அந்தப் பக்கம் காட்டுங்கப்பான்னான். அதனால எல்லாப் பக்கமும் அடிக்க வேண்டியதாப் போச்சு.”

“எதுக்கு இவ்வளவு பாடு?”

“எனக்கு ஒரு தடவ காய்ச்சல் வந்துச்சும்மா. சாதாக் காய்ச்சல். இவன் அங்க வேலைய விட்டுட்டு ஓடி வந்துட்டான். வந்து சேந்தப்ப நான் கறிகாய் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அந்த வேல போச்சு. இந்த வேல கெடைக்கறதுக்குள்ள அவன் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப இடுப்பளவு தண்ணின்னு சொன்னா, அங்கேர்ந்து நீந்தியே வந்துருவான்.”

 சர்வேயரம்மா எதையோ எழுதினார்.

அப்பா அடுக்களைக்குள் போனார். திரும்பி வந்தபோது அவர் கையில் பட்டி இழுக்கும் தகடு இருந்தது. யாரும் கேட்காமலே, சுவரின் அந்த எல்லையில் தகட்டை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். புதுப் பெயின்ட் பாலாடை மாதிரி சுருண்டு வந்தது. அடியில் பழைய சுவர். பழைய சுவரில் குறுக்கே, காய்ந்த சேற்று நிறத்தில், கோடு. கோட்டில் ஒரு புல் துரும்புகூட ஒட்டிக்கொண்டிருந்தது.

“இது போதுமா, இல்ல எல்லா ரூமும் உரிக்கட்டுமா?” என்று கேட்டார்.

“போதும் போதும். ரூமுக்கு ஒன்னு உரிங்க, நான் படம் எடுத்துக்கறேன்.”

“என் சுவரு கொப்புளிச்சதுன்னு ஒருத்தன் சொன்னது கிடையாதும்மா. இதான் மொதல் தடவ.”

“இந்தக் கொப்புளம் மட்டும் வரலன்னா, என்னத்த எழுதறதுன்னு தெரியாமத் திரும்பிப் போயிருப்பேன்” என்றார் சர்வேயரம்மா. “உங்க கைவேலையிலேயே இதான் உங்களுக்கு வீட்டக் காப்பாத்திக் கொடுத்த வேல.”

அக்கா அந்த ஈரத் தரையிலேயே சப்பென்று உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று போனில் தெரியவில்லை. இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடியவள்தான்.  குடை நீலச் சுவரோடு சறுக்கிக்கொண்டே போய்க் குந்தினான். நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல்லை யாரோ தூக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது.

*

உரித்து, படமெடுத்து, தரையைத் தட்டிப் பார்த்து, ஸ்விட்ச் பெட்டியைக் கழற்றி வயரைப் பார்த்து முடித்ததும் சர்வேயரம்மா போனைப் பார்த்துப் பேசினார்.

“தம்பி, கேட்டுக்குங்க. கடைசி முடிவு ஆபீசுதான் சொல்லும். ஆனா நான் பாத்தத நான் எழுதுவேன். மொதல்ல தப்பாச் சொன்னதுக்குக் காரணம் என்னன்னும் உங்கப்பா சொன்னபடி எழுதுவேன். மறைச்சது உங்ககிட்டதான், எங்ககிட்ட இல்ல. சுவரு, தரை, கதவு, வயரிங் எல்லாம் உங்க பாலிசில வரும். அதுல பயப்பட ஒன்னுமில்ல.”

“ரொம்ப நன்றி மேடம். ரொம்ப...”

“இருங்க, வராததையும் சொல்லிடறேன். கட்டில், மேஜை, ஃப்ரிட்ஜ் இதெல்லாம் வராது. வீட்டுக்குள்ள இருக்கற சாமானுக்குத் தனியா சேத்திருக்கணும். நீங்க கட்டடத்துக்கு மட்டுந்தான் எடுத்திருக்கீங்க.”

“கட்டில் போனாப் போவுது மேடம்” என்றாள் அக்கா தரையிலிருந்தே. “அது படுத்தா ஊரக் கூட்டற கட்டிலு.”

“அடுத்த தடவ இப்படி எதாவது ஆச்சுன்னா, தொடப்பத்த எடுக்கறதுக்கு முன்னால போன எடுங்க. மொதல்ல படம், அப்புறம் சுத்தம். பெயின்ட் கடைசி. பெரியவரே, உங்களத்தான்.”

“புரியுது, புரியுது” என்றார் அப்பா. ஆனால் அவர் கண் மேலே, நன்றாக நின்றிருந்த வெள்ளையின் மேல் இருந்தது.

“இன்னொன்னு. சுவரு முழுசாக் காயணும். அதுவரைக்கும் இங்க யாரும் படுக்காதீங்க. ஈரச் சுவரு, ஊறின வயரு, ரெண்டும் ஆபத்து.”

“அப்ப வெளிய தங்கற செலவ நீங்க கொடுப்பீங்களா?” அக்கா விடவில்லை.

“உங்க பாலிசில அது இல்லம்மா. சில பாலிசில உண்டு. இதுல இல்ல.”

அவர் பூட்ஸ் சத்தம் வாசலைத் தாண்டியதும் அக்கா எழுந்து, இரண்டு கையையும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். “டேய் குடை! நீ ஜெயிச்சுட்டடா! இனிமே உன்னக் கிண்டல் பண்ணினா என்னன்னு கேளு!”

“கேக்கறேன். எழுதிக் கொடு.”

“அதெல்லாம் முடியாது. நாளைக்கே மறுபடி பண்ண வேண்டியிருக்கும்.”

அப்பா போனைக் கையில் வாங்கினார். கண்ணோரத்தில் வெள்ளைத் தூள். “கோவமா?” என்று கேட்டார்.

“ஆமா.”

“ரொம்பவா?”

“என்கிட்ட எதையும் மறைக்காதீங்கப்பா. அவ்வளவுதான். தெரியாம இருக்கறதுதான் எனக்கு இன்னும் பயம்.”

“சரிடா. இனிமே எதுவா இருந்தாலும் இருக்கறபடி காட்டிடறேன். நீயும் அப்படித்தானே இருக்க?”

குடை தலையாட்டினான். ஆட்டிய பிறகுதான் கேள்வி என்ன என்று உறைத்தது.

“எனக்கு டிப்போல ஓட்டுநர் ரூம் கொடுத்துருவாங்க” என்று பின்னாலிருந்து அக்கா கணக்குப் போட்டாள். “அப்பாவத்தான் எங்க வைக்கறதுன்னு தெரியல. சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனா, அவங்க சுவத்தயெல்லாம் கொற சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

“எதுக்குச் சொந்தக்காரங்க?” என்றார் அப்பா. முகம் திடீரென்று சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டது. “பையன் ரூம் இல்ல? நல்ல ரூம். நல்ல சுவரு. காயற வரைக்கும் அவன்கூடப் போய் இருந்துட்டு வரேன். அந்த நீலத்த ஒரு தடவ நேர்ல தடவிப் பாக்கணும்டா.”

“அட, இது நல்ல யோசனையா இருக்கே!” என்றாள் அக்கா. “நான் இப்பவே டிக்கெட் பாக்கறேன். டேய், என்னடா பேச்சையே காணோம்? சந்தோஷத்துல வாயடைச்சுப் போச்சா?”

“டேய் மடிப்பு!” என்று நடையின் கோடியிலிருந்து இஸ்திரி அண்ணன் கூப்பிட்டார். “மேஜை நிறைஞ்சு வழியுதுடா!”

“அக்கா, வேலை. அப்புறம் கூப்பிடறேன்” என்று குடை போனை அணைத்தான்.

குந்திய இடத்திலேயே உட்கார்ந்து திரும்பிப் பார்த்தான். நீலச் சுவர். ஊழியர்கள் சாப்பிடும் கூடத்தின் பின்பக்கச் சுவர். ரோலர் கோடு தெரியாததுதான். அவன் படுக்கும் அறைக்கும் சுவர் உண்டு. ஆனால் அதன் நிறம் அவனுக்கே தெரியாது. இரண்டடுக்குக் கட்டில்கள், மேல் தட்டில் அவன், கீழ்த்தட்டில் இஸ்திரி அண்ணன், எதிரில் இன்னும் இரண்டு கட்டில்கள். சுவர் முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்ட துணிகள்.

இஸ்திரி அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார். “என்னடா ஆச்சு? தள்ளிட்டாங்களா?”

“இல்லண்ணே. எழுதறேன்னு சொல்லிட்டாங்க. வீடு பொழச்சுது.”

“அப்புறம் ஏண்டா இஞ்சி தின்ன மாதிரி உக்காந்திருக்க?”

“அப்பா இங்க வர்றாராம். என் ரூமுக்கு.”

இஸ்திரி அண்ணன் நீலச் சுவரைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடை அதை ஒரே மூச்சில் குடித்தான். வீடு பிழைத்த சந்தோஷம் உள்ளே இன்னும் அப்படியே இருந்தது. அதை இந்தப் புதுக் கலக்கம் தொட முடியவில்லை. அப்பா கோட்டை உரித்துக் காட்டிவிட்டார். அதற்கு ஒரு இழுப்புதான் ஆயிற்று.

குழுவைத் திறந்தான். பேச ஆரம்பித்தான். போன் எழுத ஆரம்பித்தது.

“என் பேரு குடை. வயசு இருபத்தாறு. இப்போ இருக்கறது...”

நிறுத்தினான். அழித்தான். மறுபடி ஆரம்பித்து, அதே இடத்தில் மறுபடி நிறுத்தினான். நடையின் கோடியில் அவன் மேஜை வழிந்துகொண்டிருந்தது.

மூன்றாம் தடவை பேரையும் வயதையும் விட்டுவிட்டான்.

“இத யாரு படிச்சாலும் சரி, அப்பாகிட்ட சொல்லுங்க. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னால என்னை ஒரு தடவ கூப்பிடச் சொல்லுங்க. வீடியோ வேணாம். சும்மா பேசினாப் போதும்.”